ஓபியாய்டு செட்டில்மென்ட் பணம்: நார்த் கரோலினா கவுண்டிகளில் யார் கைக்குப் போகிறது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நார்த் கரோலினாவின் தலைநகர் ராலேக்குப் பக்கத்தில் வசிக்கிறேன். தொழில் கணக்கு எழுதுவது. போதையிலிருந்து மீண்டு வருபவர்களுக்காக நடக்கும் ஒரு சின்ன அமைப்புக்குச் சனிக்கிழமைகளில் சம்பளமில்லாமல் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். அவர்கள் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி, தனி உள்ளூர் அரசு) தரும் மானியத்துக்கு விண்ணப்பித்தபோது படிவங்களோடு மல்லுக்கட்டியது நான்தான். அது தெரிந்ததிலிருந்து பொங்கல் விழா, பிறந்தநாள் விருந்து என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அந்த மாத்திரைப் பணம் என்ன ஆச்சு?" என்று ஆரம்பிக்கிறார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இது என்ன பணம்? யார், எதற்காகக் கொடுத்தது?

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பர்டூ ஃபார்மா என்ற கம்பெனி 1996-ல் ஆக்ஸிகான்டின் என்ற வலி மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஓபியாய்டு என்று சொல்லும் அபின் குடும்பத்து மருந்துதான். மெதுவாகக் கரைவதால் அடிமையாகும் ஆபத்து குறைவு என்று கம்பெனியின் ஆட்கள் டாக்டர் டாக்டராகப் போய்ச் சொன்னார்கள். இந்த வகை மாத்திரையால் நோயாளி அடிமையாவது அபூர்வம் என்பதற்கு அந்தக் காலத்தில் பலரும் காட்டிய ஆதாரம், 1980-ல் ஒரு மருத்துவ இதழில் வெளியான ஐந்தே வாக்கியக் கடிதம். அதுவும் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நோயாளிகளைப் பற்றியது. வீட்டுக்கு மாத்திரை வாங்கிப் போனவர்களைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

மருந்தைப் பற்றித் தவறாகச் சொல்லி விற்றதாக 2007-ல் வர்ஜீனியா நீதிமன்றத்தில் பர்டூ குழுமத்துக் கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டு, 60 கோடி டாலருக்கு மேல் கட்டியது. கட்டிவிட்டு விற்பனையைத் தொடர்ந்தது. 2020-ல் பர்டூ மறுபடியும் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

தயாரித்தவர்கள் மட்டும் அல்ல, லாரியில் ஏற்றி அனுப்பியவர்களும் உண்டு. வெஸ்ட் வர்ஜீனியாவில் கெர்மிட் என்று சுமார் 400 பேர் வசிக்கும் ஓர் ஊர். அங்கிருந்த ஒரே ஒரு மருந்துக்கடைக்கு இரண்டு வருடத்தில் கிட்டத்தட்ட 90 லட்சம் மாத்திரைகள் போய் இறங்கின. தலைக்கு இருபதாயிரத்துக்கு மேல். கணக்கு எழுதுகிறவன் கண்ணில் இப்படி ஒரு பில் பட்டால் அன்றைக்குத் தூக்கம் வராது. மொத்த விற்பனைக் கம்பெனிகளில் யாருக்கும் தூக்கம் கெடவில்லை போலிருக்கிறது.

மாத்திரை கிடைப்பது கடினமானதும் பலர் ஹெராயினுக்குப் போனார்கள். 2013 வாக்கில் அதைவிடப் பல மடங்கு வீரியமான ஃபென்டனில் என்ற செயற்கை ஓபியாய்டு தெருவுக்கு வந்தது. 1999 முதல் 2023 வரை ஓபியாய்டு ஓவர்டோஸில் இறந்தவர்கள் எட்டு லட்சத்துக்கும் மேல்.

மாநிலங்களும் கவுண்டிகளும் ஊர்களும் வழக்குப் போட்டன. ஆயிரக்கணக்கான வழக்குகளை 2017-ல் கிளீவ்லாந்தில் நீதிபதி டான் போல்ஸ்டரின் மேசையில் சேர்த்தார்கள். அதிலிருந்து பிறந்த சமரசங்களின் பணம்தான் இது.

மொத்தம் எவ்வளவு?

2021 ஜூலையில் அறிவித்து 2022-ல் நடைமுறைக்கு வந்த முதல் பெரிய சமரசம் 2,600 கோடி டாலர், அதாவது 26 பில்லியன். மெக்கெசன், கார்டினல் ஹெல்த், அமெரிசோர்ஸ்பெர்கன் (இப்போது சென்கோரா) ஆகிய மூன்று மொத்த விற்பனைக் கம்பெனிகள் 18 வருடத்தில் 2,100 கோடி வரை. ஜான்சன் அண்ட் ஜான்சன் 500 கோடி வரை. தவறு செய்ததாக இவர்கள் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. பணம் மட்டும் கொடுக்கிறார்கள்.

அப்புறம் சிவிஎஸ், வால்கிரீன்ஸ், வால்மார்ட், டேவா, அலெர்கன், குரோகர் என்று மருந்துக்கடைகள், தயாரிப்பாளர்கள் வரிசை நீண்டது. எல்லாம் சேர்த்தால் 5,000 கோடி டாலரைத் தாண்டும். நார்த் கரோலினாவின் பங்கு சுமார் 150 கோடி டாலர், 2038 வரை தவணை தவணையாக.

பர்டூ கதை தனி. அதன் முதலாளிகளான சாக்லர் குடும்பத்தை எதிர்கால வழக்குகளிலிருந்து காப்பாற்றிய பழைய ஏற்பாட்டை 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் தள்ளிவிட்டது. பிறகு 740 கோடி டாலருக்குப் புதிய திட்டம் போட்டார்கள். 2025 நவம்பரில் திவால் நீதிமன்றம் அதற்குச் சம்மதித்தது.

பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பத்துக்கு இதிலிருந்து ஏதாவது கிடைக்குமா?

மேலே சொன்ன தேசியச் சமரசங்களில் தனி நபருக்கு ஒரு பைசா கிடையாது. அரசுகள் வழக்குப் போட்டன, அரசுகளுக்குப் பணம் போகிறது. பர்டூ திவால் வழக்கில் மட்டும் தனி நபர்களுக்கு ஒரு பங்கு உண்டு. ஆனால் உரிமை கோரும் கெடு 2020-லேயே முடிந்துவிட்டது. இந்தப் பதிலைச் சொல்லும்போது எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.

மாநிலத்துக்கு மொத்தமாகக் கொடுக்காமல் கவுண்டி கவுண்டியாக ஏன் பிரிக்கிறார்கள்?

புகையிலையில் பட்ட சூடு. 1998-ல் சிகரெட் கம்பெனிகள் 46 மாநிலங்களோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 25 வருடத்துக்கு 20,600 கோடி டாலர் என்று கணக்குச் சொன்னார்கள். பணம் மாநிலக் கஜானாவுக்குப் போனது. ரோடு போட்டார்கள், பட்ஜெட் பள்ளத்தை நிரப்பினார்கள். புகைப்பதைத் தடுக்கச் செலவானது சொற்பம். புகையிலை விளையும் எங்கள் மாநிலத்தில் ஒரு பங்கு புகையிலை உற்பத்தியை மேம்படுத்தவே போனது!

அதனால் இந்தத் தடவை ஒப்பந்தத்திலேயே கட்டுப் போட்டார்கள். முதல் பெரிய சமரசத்தின் பணத்தில் குறைந்தது 85 சதவீதம் ஓபியாய்டு பாதிப்பைச் சரிசெய்யும் காரியத்துக்கே செலவாக வேண்டும்.

நார்த் கரோலினாவில் இன்னொரு 85 வரும், குழம்பாதீர்கள். இங்கே மாநில அரசுக்கு 15 சதவீதம்தான். மீதி 85 உள்ளூர் அரசுகளுக்கு. 100 கவுண்டிகள், அவற்றோடு 17 நகராட்சிகள். தேசிய அளவில் பேச்சுவார்த்தை நடத்தியவர்களில் அப்போது எங்கள் அட்டர்னி ஜெனரலாக இருந்த ஜோஷ் ஸ்டைன் முக்கியமானவர். இப்போது கவர்னர். எந்தக் கவுண்டிக்கு எவ்வளவு என்பது அங்கே எத்தனை பேர் அடிமையானார்கள், எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை மாத்திரைகள் போய் இறங்கின என்ற மூன்றையும் வைத்துப் போட்ட கணக்கு. சாவுக்கு ஏற்ற பங்கு என்று சொன்னால் கொடூரமாக இருக்கிறது. வேறு எப்படிப் பிரிப்பது என்று எனக்கும் தோன்றவில்லை.

எல்லா மாநிலத்திலும் இப்படி இல்லை. ஒஹையோவில் பாதிக்கு மேல் ஒன்ஒஹையோ என்ற அறக்கட்டளைக்குப் போகிறது. வெஸ்ட் வர்ஜீனியாவில் 72.5 சதவீதம் ஓர் அறக்கட்டளை கையில். மிச்சிகனில் பாதிக்குப் பாதி. உறவினர் வேறு மாநிலத்தில் இருந்தால் இந்தப் பக்கத்தை அப்படியே நம்பிக் களத்தில் இறங்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கவுண்டி இஷ்டப்படி செலவழிக்கலாமா?

முடியாது. மாநிலமும் கவுண்டிகளும் கையெழுத்திட்ட உடன்படிக்கையில் இரண்டு வழி இருக்கிறது.

'ஏ' வழியில் 12 வகைச் செலவுகள். மருந்தோடு கூடிய சிகிச்சை, மீண்டு வந்தவர்களைக் கொண்டு துணை நிற்பது, தங்கும் வீடு, வேலைக்கு உதவி, ஓவர்டோஸை முறிக்கும் நலாக்ஸோன் மருந்து விநியோகம், ஓவர்டோஸ் நடந்த வீட்டுக்கு மறுநாள் போய் நிற்கும் குழு, சுத்தமான ஊசி கொடுக்கும் மையம், ஜெயிலுக்குள் சிகிச்சை, ஜெயிலிலிருந்து வெளியே வருபவருக்குத் துணை என்று போகும் பட்டியல். இதிலிருந்து எடுத்தால் நேரே செலவுக்குப் போகலாம். 'பி' வழியின் பட்டியல் இன்னும் நீளம். ஆனால் அதைத் தொட வேண்டுமானால் ஊர் மக்கள், சிகிச்சை தருபவர்கள், பாதிக்கப்பட்டவர்கள் எல்லோரையும் உட்கார வைத்துத் திட்டம் போட்டிருக்க வேண்டும்.

எந்த வழியானாலும் பணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். எந்தக் காரியத்துக்கு, எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று கவுண்டி கமிஷனர்கள் (மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள்) பகிரங்கக் கூட்டத்தில் தீர்மானம் போட்ட பிறகுதான் எடுக்கலாம். வருடா வருடம் ஜூன் 30-ல் கணக்கு முடிந்ததும், 90 நாளுக்குள் செலவு அறிக்கையும் பலன் அறிக்கையும் மாநிலத்துக்குப் போக வேண்டும். கோர்-என்சி என்ற இணையதளத்தில் உங்கள் கவுண்டியின் பெயரைத் தட்டினால் வந்த தொகையும் செலவும் தெரியும். நான் பார்த்த அரசாங்கக் கணக்குப் பக்கங்களில் இது நன்றாகவே இருக்கிறது.

மானியத்துக்கு யார் விண்ணப்பிக்கலாம்?

கவுண்டி சில வேலைகளைத் தன் சுகாதாரத் துறை, ஆம்புலன்ஸ் துறை மூலம் தானே செய்யும். மற்றதை வெளியில் கொடுக்க விண்ணப்ப அழைப்பு விடும். பெரும்பாலும் பதிவு பெற்ற லாப நோக்கற்ற அமைப்புகள், கிளினிக்குகள், தேவாலயங்கள் நடத்தும் தொண்டு அமைப்புகள் விண்ணப்பிக்கின்றன. வரிவிலக்குப் பதிவு இல்லாத சின்னக் குழு, பதிவுள்ள இன்னோர் அமைப்பின் குடையின் கீழ் விண்ணப்பிக்கச் சில கவுண்டிகள் விடுகின்றன. தனி நபருக்கு மானியம் கிடையாது.

விண்ணப்பத்தில் எங்கே சறுக்குகிறார்கள்?

இதுதான் என் பேட்டை, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் சறுக்கல், 'இதே வேலைக்கு வேறு எங்கிருந்து பணம் வருகிறது?' என்ற கேள்வி. நார்த் கரோலினாவில் 2023 டிசம்பர் 1 முதல் மெடிகெய்டு என்ற அரசு மருத்துவக் காப்பீடு விரிவாக்கப்பட்டது. வருமானம் குறைந்த பெரியவர்கள் பலருக்குச் சிகிச்சைச் செலவை மெடிகெய்டே ஏற்கிறது. அது கொடுக்கும் செலவுக்குச் செட்டில்மென்ட் பணத்தைக் கேட்டால் மதிப்பெண் குறையும்; குறைய வேண்டியதும் நியாயம். மெடிகெய்டு கொடுக்காததைக் கேளுங்கள்: கிளினிக்குக்குப் போக வர வண்டி, அடையாள அட்டை எடுக்கக் கட்டணம், தங்கும் வீட்டின் முதல் மாத வாடகை, இரவு பதினொரு மணிக்கு ஃபோன் எடுக்கும் ஆளின் சம்பளம்.

இரண்டாவது, பலனை எப்படி அளப்பீர்கள் என்ற கட்டம். 'சமுதாயத்தில் விழிப்புணர்வு பெருகும்' என்று எழுதாதீர்கள். எத்தனை பேர் சிகிச்சையில் சேர்ந்தார்கள், ஆறு மாதம் கழித்தும் எத்தனை பேர் தொடர்கிறார்கள் என்று எண்ணக்கூடியதை எழுதுங்கள்.

மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்ப்பது. பல மானியங்களில் பணம் முன்கூட்டி வராது. முதலில் நீங்கள் செலவழிக்க வேண்டும், மாதக் கடைசியில் ரசீதுகளோடு பில் அனுப்ப வேண்டும், அவர்கள் சரிபார்த்த பிறகு திருப்பித் தருவார்கள். காகிதத்தில் பார்க்க நியாயம்தான். ஆனால் வங்கியில் எட்டாயிரம் டாலர் வைத்திருக்கும் அமைப்பு, மாதம் பன்னிரண்டாயிரம் செலவாகும் வேலையை எப்படித் தொடங்கும்?

எங்கள் முதல் பில் திரும்பி வந்த கதையைச் சொல்கிறேன். பஸ் பாஸ் வாங்கிய ரசீது. தொகை 31 டாலர் சொச்சம். யாருக்குக் கொடுத்தோம் என்று கையெழுத்து இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். வாங்கியவர் அன்றைக்குத்தான் ஜெயிலிலிருந்து வந்தவர். பெயரை எழுத மாட்டேன் என்று சொல்லியிருந்தார். அந்த 31 டாலருக்காக மொத்த பில்லும் ஐந்து வாரம் நின்றது. அமைப்பை நடத்தும் அம்மா தன் கிரெடிட் கார்டில் வாடகை கட்டினார். அதன் பிறகு பெயருக்குப் பதிலாக ஒரு எண் கொடுத்துப் பதிவேடு வைக்கும் முறையைக் கவுண்டி அதிகாரியிடம் பேசி ஒப்புக்கொள்ள வைத்தோம். அவர் நல்ல மனிதர், விதி அப்படி. நீங்கள் விண்ணப்பிப்பதாக இருந்தால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்னாலேயே இரண்டு விஷயம் கேளுங்கள்: கால் பங்காவது முன்பணம் தருவீர்களா? பயனாளியின் பெயர் இல்லாத ரசீதை ஏற்பீர்களா?

என் அபிப்பிராயம் இது: இந்த முறையில் ஜெயிப்பது பெரும்பாலும் ஏற்கெனவே பெரிதாக இருக்கும் அமைப்புகள்தான். தெருவில் நிற்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தவர்கள் சின்ன அமைப்புகளில் இருக்கிறார்கள். கவுண்டிகள் முன்பணம் கொடுக்கப் பழகாதவரை இவர்களிடம் பணம் போய்ச் சேராது.

எதில் செலவழித்தால் உண்மையிலேயே உயிர் மிஞ்சும்?

மருந்து. போதை ஏக்கத்தை அடக்கும் புப்ரெனார்ஃபின், மெத்தடோன். இந்த இரண்டில் ஒன்றைத் தொடர்ந்து எடுப்பவர்களின் மரண விகிதம் எடுக்காதவர்களைவிட ஏறக்குறைய பாதி என்று பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. மெத்தடோனை இதற்கென்று உரிமம் பெற்ற மையத்தில்தான் வாங்க முடியும். புப்ரெனார்ஃபின் அப்படி இல்லை. அதை எழுதித் தர டாக்டர்களுக்குத் தனி அனுமதி வேண்டும் என்ற விதியை 2022 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். நாக்குக்கு அடியில் வைக்கும் சின்னப் படலம். கரையச் சில நிமிடம். அதுவரை பேசக் கூடாது, விழுங்கக் கூடாது.

அடுத்து, எங்கே கொடுப்பது? ஜெயிலில். கவுண்டி ஜெயிலில் பத்து நாள் இருந்தாலே போதும், உடம்பு போதைக்குப் பழகிய தாங்குசக்தியை இழந்துவிடும். வெளியே வந்து பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடும். நார்த் கரோலினா சிறைகளிலிருந்து விடுதலையானவர்களைப் பற்றி 2018-ல் வெளிவந்த ஆய்வு, முதல் இரண்டு வாரத்தில் அவர்கள் ஓபியாய்டு ஓவர்டோஸில் இறக்கும் வாய்ப்பு பொதுமக்களைவிட 40 மடங்கு என்று கண்டது. இதற்கு நேர் எதிரான உதாரணம் ரோட் ஐலண்ட். அங்கே 2016-லிருந்து சிறைக்குள்ளேயே இந்த மருந்துகளைக் கொடுக்கத் தொடங்கினார்கள். விடுதலையான பின் ஓவர்டோஸில் இறந்தவர்களின் எண்ணிக்கை ஒரே வருடத்தில் 61 சதவீதம் குறைந்தது.

மூன்றாவது ஆம்புலன்ஸ். ஆஷ்வில் இருக்கும் பன்கம் கவுண்டியில் கம்யூனிட்டி பாராமெடிக் என்று ஒரு பிரிவு. ஓவர்டோஸில் பிழைத்தவரைத் தேடிப் போய்ப் பார்க்கிறார்கள், புப்ரெனார்ஃபினையும் அவர்களே தொடங்கி வைக்கிறார்கள். ஓவர்டோஸிலிருந்து எழுந்தவரிடம் "திங்கட்கிழமை கிளினிக்குக்கு வாருங்கள்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தால் அவர் வர மாட்டார். வலி, வாந்தி, உடம்பு நடுக்கத்தோடு இருப்பவருக்குத் திங்கட்கிழமை ரொம்பத் தூரம்.

ஒரு போதையை விட்டுவிட்டு இன்னொரு போதையைக் கொடுப்பது என்ன சிகிச்சை?

நம் ஆட்கள் அதிகம் கேட்பது இதுதான். சர்க்கரை வியாதிக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறவரை "எப்போது நிறுத்தப் போகிறாய்?" என்று நாம் விரட்டுவதில்லை. சரியான அளவில் புப்ரெனார்ஃபின் எடுப்பவர் மயங்கிக் கிடப்பதில்லை. காலையில் எழுந்து வேலைக்குப் போகிறார். உடம்பு மருந்தை எதிர்பார்க்கும், அது உண்மை. ஆனால் அதற்காகத் திருடுவது, பொய் சொல்வது, பிள்ளையை மறப்பது எல்லாம் நின்றுவிடுகிறது. எங்கள் அமைப்புக்கு வரும் ஒருவர் ஏழு வருடமாக எடுக்கிறார். கூரை போடும் வேலை. ஏணியில் அவர் ஏறுகிற வேகத்துக்கு என்னால் படியே ஏற முடியாது.

சுத்தமான ஊசி கொடுப்பது போதையை வளர்க்காதா?

வளர்ப்பதாக ஆய்வுகளில் இல்லை. ஊசி கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியானாவின் ஸ்காட் கவுண்டி சாட்சி. ஆஸ்டின் என்ற சின்ன ஊரில் ஒரே ஊசியைப் பகிர்ந்துகொண்டதால் 2014-15-ல் தொடங்கி 200 பேருக்கு மேல் எச்ஐவி பரவியது. நார்த் கரோலினாவில் இந்த மையங்கள் 2016-லிருந்து சட்டப்படி நடக்கின்றன. செட்டில்மென்ட் பணத்தையும் கொடுக்கலாம். கொடுக்கத் தயங்கும் கமிஷனர்கள் நிறைய.

நலாக்ஸோனை நானே வாங்கி வைக்கலாமா?

வைக்க வேண்டும் என்பேன். நார்கன் என்ற மூக்கு ஸ்ப்ரேயை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்க 2023 மார்ச்சில் அனுமதித்தார்கள். இரண்டு டோஸ் கொண்ட பெட்டி கடையில் சுமார் 45 டாலர். கவுண்டி சுகாதாரத் துறையில் பல இடங்களில் இலவசம். ஓபியாய்டு இல்லாதவருக்குக் கொடுத்தாலும் கெடுதல் செய்யாது. ஸ்ப்ரே அடித்த கையோடு 911-ஐக் கூப்பிடுங்கள். ஓவர்டோஸுக்காக உதவி கேட்டு அழைப்பவரைச் சிறிய அளவு போதைப்பொருள் வைத்திருந்த குற்றத்திலிருந்து காக்கும் சட்டம் இங்கே 2013 முதல் உண்டு.

பள்ளிக்கூடத்தில் விழிப்புணர்வுக்குச் செலவழிக்கலாமே?

செலவழிக்கலாம். எதை என்பதில்தான் விஷயம். போலீஸ்காரர் வகுப்புக்கு வந்து "வேண்டாம் என்று சொல்" என்று பாடம் எடுக்கும் பழைய டேர் திட்டத்தைப் பலமுறை ஆராய்ந்தார்கள். பிள்ளைகளின் பழக்கத்தில் நீடித்த மாற்றம் எதுவும் தெரியவில்லை. டீ-ஷர்ட், பேனா, மாரத்தான் எல்லாம் புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும்.

பணத்தை வீணடித்த கதைகள் உண்டா?

இல்லாமலா? நியூ ஜெர்சியின் இர்விங்டன் டவுன்ஷிப் இரண்டு வருடம் 'ஓபியாய்டு விழிப்புணர்வு நாள்' என்று பாட்டுக் கச்சேரி நடத்தியது. 6 லட்சம் டாலருக்கு மேல் இந்தப் பணத்திலிருந்து போனது என்றும், பாப்கார்ன் மிஷின் செலவுகூட அதில் இருந்தது என்றும் மாநிலத் தணிக்கை அதிகாரி 2025-ல் அறிக்கை வெளியிட்டார். செய்தது சரிதான் என்று டவுன்ஷிப் மறுத்தது. டென்னசியின் கிரீன் கவுண்டி முதலில் வந்த தொகையில் பெரும் பங்கைக் கவுண்டியின் கடனுக்கு ஒதுக்கியது செய்தியானது.

கச்சேரி ஊர் சிரிக்கும் கதை; அதை யாரும் பிடித்துவிடுவார்கள். என்னை உறுத்துவது வேறு. கவுண்டி ஏற்கெனவே தன் வரிப்பணத்தில் நடத்தும் வேலையைச் செட்டில்மென்ட் கணக்குக்கு மாற்றிவிட்டு, மிச்சமான வரிப்பணத்தை வேறு எதற்கோ எடுத்துக்கொள்வது. ரசீது சரியாக இருக்கும், பட்டியலிலும் பொருந்தும். ஆனால் புதிதாக ஒருவருக்குக்கூடச் சிகிச்சை கிடைத்திருக்காது. இதைக் கண்டுபிடிக்கப் போன வருட பட்ஜெட்டையும் இந்த வருட பட்ஜெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு யாருக்குப் பொறுமை?

மெடிகெய்டு நிதியைக் குறைக்கும் கூட்டாட்சிச் சட்டம் 2025 ஜூலையில் வந்த பிறகு இந்தச் சபலம் இன்னும் கூடும்.

சாவு குறைந்துவிட்டதே, இன்னும் எதற்கு?

குறைந்தது உண்மை. நாடு முழுக்க ஓவர்டோஸ் மரணங்கள் 2022-ல் ஒரு லட்சத்து ஏழாயிரத்துக்கு மேல் இருந்து, 2024-ல் சுமார் 80,000 ஆனது. எண்பதாயிரம் என்பது ஒரு நடுத்தர ஊர்.

நம் தமிழ்க் குடும்பங்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

கேரி, மாரிஸ்வில், சார்லட் பக்கம் இருப்பவர்களுக்கு இது ஏதோ மலைப்பக்கத்து வெள்ளைக்காரர் பிரச்சினை என்ற நினைப்பு இருக்கிறது. முதுகு அறுவை சிகிச்சைக்குப் பின் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையில் மிச்சம் பாத்ரூம் அலமாரியில் கிடக்கிறதா என்று பாருங்கள். மருந்துக்கடைகளிலும் போலீஸ் நிலையங்களிலும் அவற்றைத் திருப்பிப் போடப் பெட்டி வைத்திருக்கிறார்கள். தெருவில் விற்கும் 'பெர்க்' (பெர்கோசெட் என்ற வலி மாத்திரை) மாத்திரைகளில் பல ஃபென்டனில் கலந்த போலிகள். காலேஜ் பையனுக்கு ஒன்று போதும்.

நம்மிடம் இருக்கும் கூடுதல் வியாதி, வெளியே சொல்லாமல் இருப்பது. "ஊருக்குத் தெரிந்தால் தங்கச்சி கல்யாணம் என்னாகும்?" என்று ஒரு அப்பா என்னிடம் கேட்டார். பையனை இந்தியாவுக்கு அனுப்பிவிட்டால் சரியாகிவிடும் என்று டிக்கெட்டும் போட்டிருந்தார். நான் சொன்னது இதுதான்: டிக்கெட்டை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள், அதற்குள் ஒரு டாக்டரைப் பாருங்கள். அவசரம் என்றால் மனநெருக்கடி உதவி எண்ணான 988-ஐ அழைக்கலாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டு வாங்கலாம்.

குடிமக்கள் அல்லாதவர்களும் கவுண்டி கூட்டத்தில் பேசலாமா? போனால் என்ன பார்ப்பது?

பேசலாம். பொதுமக்கள் கருத்துக்கான நேரத்தில் விசா கேட்க மாட்டார்கள். வாசலில் இருக்கும் தாளில் பெயர் எழுதினால் கூப்பிடுவார்கள். பெரும்பாலும் மூன்று நிமிடம்.

போகும் முன் நிகழ்ச்சி நிரலை இறக்கிப் பாருங்கள். செட்டில்மென்ட் பணத் தீர்மானங்கள் பெரும்பாலும் தனித் தலைப்பில் வராது. 'கன்சென்ட் அஜெண்டா' என்று ஒரு பகுதி இருக்கும்; இருபது முப்பது விஷயங்களை ஒரே கையசைப்பில் விவாதம் இல்லாமல் நிறைவேற்றுவது அது. கார் நிறுத்துமிடத்துக்குத் தார் போடும் ஒப்பந்தத்துக்கும் பழைய வண்டி ஏலத்துக்கும் நடுவில் பத்து லட்சம் டாலர் படுத்திருக்கும். ஏதாவது ஒரு கமிஷனர் கேட்டால் போதும், அந்த ஒன்றை மட்டும் வெளியே எடுத்துத் தனியாகப் பேசுவார்கள். அதற்கு முந்தைய நாளே உங்கள் கமிஷனருக்கு ஈமெயில் போட வேண்டும். தீர்மானத்தின் எண்ணைக் குறிப்பிட்டு, இந்தத் தொகை போன வருடம் எந்தக் கணக்கிலிருந்து செலவானது என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். பதில் வர வேண்டிய நேரத்தில் நிதி அதிகாரி காகிதங்களைப் புரட்டத் தொடங்கினால், இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொள்ளுங்கள்.